சாம்பார் வாளி தூக்க ஆள் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது.

நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு உன் பங்காக அரிசி, பருப்பு வாங்கியாகிவிட்டது. விதவைத் தாய்மாருக்குச் சேலையும் பாளையங்கோட்டையில் எடுத்துவிட்டேன். ஆனால் நீ கேட்டபடி உன் பெயரில் பிளக்ஸ் வைப்பதும், அவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவதும் நடக்காது. மேலத் தெருப் பெரியம்மா சேலைக்குக் கை நீட்டுவதை உன் சிநேகிதர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்? அவருடைய பேத்தியும் கைபேசி வைத்திருக்கிறாள். வலது கை செய்யும் தர்மம் இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிற மத்தேயு ஆறாம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாய்ச் சொல்லி டம்ளர் பரிசு வாங்கியவன் நீ. அந்த டம்ளரில்தான் அப்பா இன்னும் காபி குடிக்கிறார்.

கைப்பிடி அரிசிக் காணிக்கையை நினைத்துப் பார். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி தனியே எடுத்துவைப்போம். கோயிலில் எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். பொன்னி போட்டவர் யார், ரேஷன் அரிசி போட்டவர் யார் என்று பிரிக்க முடியாது. (அந்தக் கலப்பு அரிசியை ஏலத்தில் எடுத்துச் சோறு பொங்கியவர்கள் பட்ட பாடு வேறு கதை.)

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார். விசுவாசத்துக்கு வந்ததால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றிய சங்கம் அது. நம் முன்னோர் குடிசை போட்டதும் அப்படி ஒரு நிலத்தில்தான் என்று உன் தாத்தா சொல்வார். அதற்குக் காசு கொடுத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கும் அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருப்போம். அவர்கள் பெயர் சொல்லாததும் நமக்குச் செய்த தர்மம்தான்.

சேலை நம் சபையாருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சரிப்படாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது உன் அத்தை அந்த ரயிலில்தான் இருந்தாள். ஏறக்குறைய 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களுக்கே வெள்ளக் கஷ்டம் இருந்தும், இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். எந்தச் சபை, எந்தச் சாமி என்று அத்தையிடம் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆகையால் பீடி சுற்றும் இரண்டு வீடுகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அவர்கள் அம்மன் கோயில் கொடைக்கு வரி கொடுப்பவர்கள்.

சேலைகளை நானே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். யார் அனுப்பியது என்று கேட்டால் கோயிலிலிருந்து என்று சொல்லிக்கொள்கிறேன். மீதிப் பணம் நம் சபை ஐயர் கையில் இருக்கிறது, ரசீது வாங்கியிருக்கிறேன்.

அசனத்துக்கு லீவு கிடைத்தால் வா. பந்தியில் சாம்பார் வாளி தூக்க வாலிபப் பிள்ளைகள் போதவில்லை. டிக்கெட் எடுத்ததும் தகவல் சொல்.

அன்புடன்,
அம்மா