20 வயதில் வந்த ஷேமஸ் கோல்மன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைக் கால்பந்தில் சேர்ப்பது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டு வயதுக்குள் நல்ல அகாடமியில் இடம் கிடைக்காத பிள்ளை ஐரோப்பிய ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. எத்தனை வீடுகளில் அதைப் படித்துவிட்டுப் பதறியிருப்பார்களோ! அது தவறு என்பதற்கு நான் ஒரே ஒரு ஆளைக் காட்டுகிறேன். பெயர் ஷேமஸ் கோல்மன். அயர்லாந்துக்காரர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப்புக்குக் கேப்டன் ஆனவர். ஆடும் இடம் ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டம்.

நான் லிவர்பூலில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். வீடு வால்ட்டன் பகுதியில் இருக்கிறது. எவர்ட்டனின் பழைய மைதானம் கூடிசன் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம். இங்கே வந்த புதிதில் எனக்குக் கால்பந்து என்றால் சனிக்கிழமைக் கூட்ட நெரிசல், பஸ் வராது, அவ்வளவுதான். மகன் பந்தின் பின்னால் ஓட ஆரம்பித்த பிறகுதான் நானும் பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்க்கப் பார்க்க மனதில் ஒட்டிக்கொண்டவர் கோல்மன்.

அவர் பிறந்தது 1988-இல். ஊர் கில்லிபெக்ஸ். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டோனெகலில் இருக்கிறது. அந்த நாட்டின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு முதல் ஆட்டம் நாம் சொல்லும் கால்பந்து அல்ல, கேலிக் கால்பந்து. அதில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், எம்பிப் பிடித்துக்கொண்டு ஓடலாம், குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தாலும் புள்ளி உண்டு. நாடே திரண்டு பார்க்கும் பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களுக்குக்கூடச் சம்பளம் கிடையாது. கோல்மனும் அதை ஆடித்தான் வளர்ந்தார். கூடவே ஊர் அணியான செயின்ட் கேதரின்ஸில் கால்பந்து. அந்த அணி, அயர்லாந்து லீக்கில் ஆடும் ஸ்லைகோ ரோவர்ஸோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியபோது ஸ்லைகோ மேனேஜரின் (தலைமைப் பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கண்ணில் பட்டார். 2006-இல் அங்கே சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17.

உங்கள் கட்டுரையின் கணக்கில் ஐந்து வருடம் தாமதம்!

ஸ்லைகோவிலும் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. நடுவில் வந்த ஒரு மேனேஜர், உனக்கு இங்கே இடமில்லை, வேறு கிளப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த மேனேஜர் போய் பால் குக் வந்த பிறகுதான் கோல்மனுக்கு அணியில் நிலையான இடம் கிடைத்தது. அயர்லாந்து லீக்கில், வளர்ந்த ஆண்களோடு மோதி, மூன்று சீசன் ஆடினார். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த மூன்று சீசனைத்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு எதிரே முப்பது வயதுக்காரன் தோளைக் கொடுத்து மோதுவான். தோற்றால் மறுநாள் கடைத்தெருவில் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் அங்கே உண்மையிலேயே ஒரு அர்த்தம் இருக்கும். அகாடமிகளில் ஒரே வயதுப் பையன்கள் ஒருவரோடு ஒருவர் ஆடிக்கொண்டே இருப்பதில் இது கிடைக்காது.

2009 ஜனவரியில் எவர்ட்டன் அவரை வாங்கியது. விலை 60,000 பவுண்டு. மேனேஜர் டேவிட் மோய்ஸ். அந்தத் தொகையையும் வரியில் வைத்து ரசிகர்கள் அவர் பெயரைப் பாட்டாகவே பாடினார்கள். கூடிசனில் அது எழும்போதெல்லாம் என் நாற்காலி அதிர்ந்தது. விலை குறைவு என்ற ஏளனம் அதில் துளியும் கிடையாது. எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பார் என்று ஊருக்குச் சொல்கிற சந்தோஷம் அது.

வந்தவுடன் காலில் ஒரு கொப்புளம் புண்ணாகிச் சீழ் பிடித்து அவரை முடக்கிப் போட்டது. முதல் ஆட்டம் 2009 அக்டோபரில் லிஸ்பனில், பென்ஃபிகாவுக்கு எதிராக. பழக்கமில்லாத இடது பக்கத்தில் நிறுத்தினார்கள். எவர்ட்டன் 5-0 என்று தோற்றது. ஒரு பையனைச் சரியில்லை என்று ஒதுக்க இதைவிட வசதியான ஆட்டம் கிடைக்காது. மோய்ஸ் ஒதுக்கவில்லை. டிசம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். 2-2 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் கூட்டம் முதல் முறையாகக் கோல்மனைக் கவனித்தது. அடுத்த மார்ச்சில் பிளாக்பூல் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பினார்கள். மேனேஜர் இயன் ஹாலோவேயின் அந்தச் சின்ன அணி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் கார்டிஃபை 3-2 என்று வென்று, இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரிமியர் லீக்குக்கு ஏறியது. கோல்மன் அந்த இறுதி ஆட்டத்திலும் ஆடினார்.

அதற்கு அப்புறம் நடந்ததை உங்கள் வாசகர்களில் பலர் டிவியில் பார்த்திருப்பார்கள். 2013-14 சீசனில் மேனேஜர் ராபர்ட்டோ மார்ட்டினெஸின் கீழ் எவர்ட்டன் ஐந்தாம் இடம் பிடித்தபோது, பின்வரிசையில் ஆடும் இவர் லீக்கில் 6 கோல் அடித்தார். சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டின் சிறந்த பதினொருவரில் இவரும் ஒருவர். 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், பிரான்சின் லில் நகரத்தில் இத்தாலியை அயர்லாந்து 1-0 என்று வென்றதே, ராபி பிரேடி தலையால் முட்டிய கோல், அன்று கையில் கேப்டன் பட்டை கட்டியிருந்தவர் கோல்மன். நாட்டுக்காக 70 ஆட்டத்துக்கு மேல், எவர்ட்டனுக்காக 400-க்கு மேல்.

இனி நான் என் தொழிலிலிருந்து பேசுகிறேன். 2017 மார்ச் 24, டப்ளினில் வேல்ஸுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நீல் டெய்லர் என்ற வேல்ஸ் வீரரின் மோதலில் கோல்மனின் வலது கால் முறிந்தது. (டெய்லரின் தாயார் கொல்கத்தாக்காரர் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.) முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்பும் போயின. திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், நான் டிவியை அணைத்துவிட்டேன். அந்த மாதிரிக் காலை நான் தினமும் பார்க்கிறவள். முதல் வாரம் வலி. அது மருந்துக்கு அடங்கும். மருந்துக்கு அடங்காதது பிறகு வரும் பயம். பாதத்தைத் தரையில் வையுங்கள், எடையைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று நாங்கள் சொல்வோம். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்லும், ஆள் நம்ப மாட்டார். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். வாட்டசாட்டமான கட்டடத் தொழிலாளிகள்கூட அங்கே அழுவார்கள். தொடைத் தசை ஒரு சில வாரத்தில் கரைந்து இரண்டு காலும் இரண்டு ஆளுடையது போல ஆகிவிடும். பல பேருக்குப் படி ஏறி இறங்குவதே பெரிய சாதனை.

கோல்மன் 2018 ஜனவரி 31 அன்று லெஸ்டருக்கு எதிராகத் திரும்ப இறங்கினார். பத்து மாதம். எவர்ட்டன் 2-1 என்று வென்றது. கோல் இரண்டும் தியோ வால்காட் அடித்தவை, ஆனால் என் கண் முழுக்க ரைட் பேக் மேல்தான். முதல் முறை எதிராளி சறுக்கிக்கொண்டு வந்தபோது காலை இழுத்துக்கொள்வாரா என்று பார்த்தேன். இழுக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினார். என் வார்டில் கால் முறிந்து வருகிற இளைஞர்களுக்கு இதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்.

2019-இல் கேப்டன் ஆனார். அது கிளப்பின் மோசமான காலத்தின் தொடக்கம். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கோடிகள் கொட்டி வாங்கியவர்கள் பலர் சோபிக்கவில்லை, இரண்டு முறை கீழ் டிவிஷனுக்கு விழும் விளிம்பு வரை போனோம். 2023 பிப்ரவரியில் லீட்ஸுக்கு எதிராக, முப்பத்து நான்கு வயதில், வலது ஓரத்தில் கோல் கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து ஒரு பந்தை அடித்தார். அங்கிருந்து கோல் அடிக்க வழியே இல்லை, கோலுக்கு முன்னால் நிற்பவர்களுக்குக் கிராஸ்தான் போட முடியும் என்று எல்லோரும் நினைத்தோம், கோல்கீப்பர் உட்பட. பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போனது. 1-0. அந்த சீசனில் கிளப் தப்பியது கடைசி நாளில்தான். அந்த மூன்று புள்ளி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

2025 ஜனவரியில் மேனேஜர் ஷான் டைக் நீக்கப்பட்டு, கோப்பை ஆட்டத்துக்குச் சில மணி நேரமே இருந்தபோது, கிளப் கோல்மனையும் முன்னாள் வீரர் லெய்ட்டன் பெய்ன்ஸையும்தான் பொறுப்பெடுத்துக்கொள்ளச் சொன்னது. அதே ஆண்டு மே 18-ஆம் தேதி, 1892-இலிருந்து ஆடிவந்த கூடிசனில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். கோல்மன் கேப்டனாக அணியை அழைத்து வந்தார். காயத்தால் முதல் பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. மைதானமே எழுந்து நின்றது.

சரி, இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? என் மகனையும் எட்டு வயதில் ஒரு அகாடமி எடுத்துக்கொண்டது. வாரத்தில் மூன்று மாலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இரவுப் பணி முடிந்து தூக்கக் கண்ணோடு அழைத்துப் போயிருக்கிறேன். பதினான்கு வயதில் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு, ஒரு தாளைப் பார்த்துப் படித்து, போய் வா என்றார்கள். கொடுத்த பயிற்சி உடைகளைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டுமாம். அன்று இரவு அவனே மெஷினில் போட்டு, அவனே மடித்தான். என்னைத் தொட விடவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் பந்தையே தொடவில்லை. பதினான்கு வயதில் தன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஒரு பிள்ளை நினைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு அவன் முகம்தான் வந்தது.

அயர்லாந்திலிருந்து சின்ன வயதில் இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போய் வென்றவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். லியம் பிரேடி 15 வயதில் ஆர்சனலுக்குப் போனார். ராபி கீன் 17 வயதில் வுல்வ்ஸ் முதல் அணியில் இறங்கி முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். அவர்கள் மேதைகள், மறுக்கவில்லை. ஆனால் அதே கப்பலில் ஏறி, பத்தொன்பது இருபது வயதில் படிப்பும் இல்லாமல் கிளப்பும் இல்லாமல் அயர்லாந்துக்குத் திரும்பிய பையன்கள் ஏராளம். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. அயர்லாந்திலேயே ஆடிவிட்டுத் தாமதமாகப் போனவர்களைப் பாருங்கள்: பால் மெக்ரா டப்ளினின் செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெட்டிக்கிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனது 1982-இல், 22 வயதில். ராய் கீன் கோவ் ராம்ப்ளர்ஸ் என்ற சின்ன அணியில் ஆடிவிட்டு 1990-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போனபோது 18. கெவின் டாய்ல் கார்க் சிட்டியிலிருந்து ரெடிங் வந்தபோது 21.

இப்போது சட்டமே மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியதால் 2021-இலிருந்து இங்கிலாந்து கிளப்புகள் அயர்லாந்துப் பையன்களை 18 வயதுக்கு முன் ஒப்பந்தம் செய்ய முடியாது. பாதை அடைபட்டதே என்று அங்கே பலர் வருந்தினார்கள். எனக்கு அதில் நல்லதும் தெரிகிறது. பையன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, பள்ளியை முடித்து, உள்ளூர் கிளப்பில் பெரியவர்களோடு ஆடிவிட்டுப் போகலாம். அதற்கு அந்த உள்ளூர் கிளப்புகளிடம் நல்ல மைதானமும் முழுநேரப் பயிற்சியாளர்களும் இருக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளைகளை எந்த வயதில் சேர்ப்பது என்று மறுபடி கட்டுரை போட்டால், பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் 17 வயதில் எந்த ஊரில், எந்த அணியில், யாரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்றும் ஒரு பத்தி சேருங்கள். கோல்மனுக்கான பத்திக்கு வேண்டிய விவரம் எல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
எவர்ட்டன் ரசிகை ஒருவர்,
வால்ட்டன், லிவர்பூல்.