ஏறிய மரத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

பனைவளம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் "இளைஞர்கள் சீவல் தொழிலுக்கு வருகிறார்களில்லை" என்ற வசனமும் கூடவே வருகிறது. சீவல் என்பது பனையில் ஏறிப் பாளையைச் சீவிக் கள் இறக்கும் தொழில். வெட்கம் என்கிறார்கள் சிலர், சோம்பல் என்கிறார்கள் சிலர். வெட்கம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. பாடசாலைப் படிவத்தில் தகப்பனின் தொழில் கேட்ட இடத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஆனால் ஒரு பெடியன் மேசன் வேலைக்குப் போகவா, மரத்துக்குப் போகவா என்று யோசிக்கும்போது முதலில் பார்ப்பது காசுக் கணக்கை. மேசனோடு நிற்கும் உதவியாளுக்குக்கூட நின்ற நாளுக்குச் சம்பளம். சீவுபவருக்கோ அளந்து ஊற்றிய லீற்றருக்கு மட்டும்தான் காசு. அந்த அளவுக்குள் வராத வேலை எவ்வளவு என்பது தவறணை எனும் கள்ளுக்கடையின் வாசலில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. அதை எழுதவே இக்கடிதம்.

பாளையில் முட்டி எனும் மண்கலயத்தைக் கட்டிய அன்றே கள் வடிவதில்லை. தை, மாசியில் ஆண்பனை பாளை விடும். பெண்பனை அதற்குப் பிந்தும். முதலில் மரத்தில் ஏறிக் காய்ந்த காவோலையையும் மட்டை அடியின் வலைநாரான பன்னாடையையும் கழித்து, வட்டு எனும் மரத்தலைக்குள் நின்று வேலை செய்ய இடம் எடுக்க வேண்டும். மட்டைக் கருக்கு (மட்டை விளிம்பின் பற்கள்) கையைக் கிழிப்பதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். பிறகு ஆண்பாளையின் விரல் போன்ற அலகுகளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே பிடித்து மெல்ல நசுக்குவார்கள். இது ஒரு நாளில் தீராது. அடுத்தடுத்த நாட்களும் ஏறி, நசுக்கி, நுனியைச் சீவிவிட்டு இறங்க வேண்டும். வலு கூடினால் உள்நார் சிதைந்து பாளை அழுகும். குறைந்தால் எத்தனை நாள் சீவினாலும் சொட்டு வராது. பெண்பாளையில் காய்களுக்கு இடையே உள்ள தண்டைப் பதப்படுத்துவது இன்னும் நுட்பமான வேலை. முதல் சொட்டு விழப் பத்து நாளும் ஆகும், இரண்டு கிழமையும் ஆகும். இத்தனை நாள் ஏறி இறங்கியதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு சதம் கிடையாது.

வடியத் தொடங்கிய பிறகு காலையும் மாலையும் சீவல். கத்தி தாள் கனத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தடிப்பாகச் சீவினால் பருவம் பாதியிலேயே பாளை முடிந்துவிடும். மிக மெல்லியதாகச் சீவினால் காய்ந்த முகம் திறக்காது, வடிதல் குறையும். கத்தியில் கூர் மழுங்கினால் வெட்டு வழுவழுப்பாக இராது, நார் பிய்ந்து நிற்கும். அதனால்தான் கத்தி தீட்டும் நேரத்தையும் தொழில் நேரமாகவே எண்ண வேண்டும் என்கிறோம். ஒரு நாள் விட்டால் பாளை முகம் காயும், இரண்டு மூன்று நாள் விட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. சீவுபவருக்கு ஞாயிறும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. சொந்தத் தங்கையின் கலியாணம் வவுனியாவில் என்றாலும் மரத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகலாம். கைக்குக் கை வெட்டு மாறும். திரும்பிவந்து இரண்டு நாள் பாளையைச் சீர்செய்தே தீர வேண்டும். உயரத்தைவிட இந்தக் கட்டுத்தான் இளையவர்களுக்குக் கசக்கிறது என்பது எங்கள் எண்ணம். உயரம் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஏற்றத்தையும் கணக்குப் பார்க்கலாம். 40 அடி மரம் பத்து, நாளுக்கு இரண்டு தடவை என்றால் 800 அடி ஏற்றம், 800 அடி இறக்கம். முப்பது நாளில் ஏற்றம் மட்டும் 24,000 அடி. இது மழை, காற்று, மரநாய் எதையும் பாராத கணக்கு. மரநாய் முட்டியில் வாய் வைத்தாலும், மழைநீர் புகுந்து கள் தண்ணீராய்ப் போனாலும் ஏறிய கால் ஏறியதுதான், அளவு மட்டும் பூச்சியம். பருவத்தின் பின்பாதியில் சோளகம் எனும் தென்மேல் காற்று வீசத் தொடங்கும். அப்போது முட்டிகள் மோதி உடையும், சில வேளை பாளையே ஒடியும். முட்டி வாங்கிய காசும் சீவுபவரின் தலையில்தான்.

இனிப் போயா தினம். ஒவ்வொரு பூரணைக்கும் தவறணை பூட்டு. வெசாக் வந்தால் இரண்டு நாள், அதுவும் நல்ல வடிச்சல் காலமான மே மாதத்தில். சட்டத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்தைப் பூட்ட முடியாது. அன்றைக்கும் ஏறிச் சீவ வேண்டும், இல்லையேல் பாளை காயும். இறக்கிய கள்ளோ ஒரு நாளைத் தாண்டினால் புளித்து வினாகிரிப் பக்கம் போய்விடும். சாராயம் வடிக்கும் வடிசாலைக்குக் கள்ளை ஏற்றிப்போக வாகனம் வராத ஊர்களில் அதை நிலத்தில் ஊற்றுவதைத் தவிர வழியில்லை.

"அன்றைக்குச் சுண்ணாம்பு போட்டுக் கருப்பணி இறக்கிப் பனங்கட்டி காய்ச்சலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கருப்பணி என்பது சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கும் புளிக்காத இனிப்புச் சாறு. நல்ல யோசனை, ஆனால் சொல்வதுபோல் இலேசில்லை. கள் இறக்கிய முட்டியின் சுவரில் நொதி ஊறிப்போயிருக்கும். கள்ளுக்கு அது நன்மை, கழுவாத முட்டியில் சாறு விழுந்தவுடனே பொங்கத் தொடங்கும். அதே முட்டியில் சுண்ணாம்பைப் பூசினாலும் விடிவதற்குள் புளிப்புத் தட்டிவிடும். புளித்த சாற்றில் சீனி உடைந்திருக்கும். அதை எவ்வளவு காய்ச்சினாலும் பாணியாக இழுபடுமே தவிரக் கட்டியாக இறுகாது. புளிக்குமோ என்று பயந்து சுண்ணாம்பை அள்ளிப் பூசினாலோ கட்டி கறுத்துக் கைக்கும். ஆகவே கருப்பணிக்கென்று தனி முட்டி வேண்டும். அதைச் சுடுநீரில் கழுவிப் புகை காட்டிக் காயவைத்து, உட்சுவர் முழுக்க மெல்லிய படலமாகச் சுண்ணாம்பு பூச வேண்டும். போயாவுக்கு முதல்நாளே பாளை முகத்தையும் கழுவிச் சீவிவிட வேண்டும். ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏறக்குறைய 8 லீற்றர் கருப்பணி தேவை. அதற்குத் தாச்சி எனும் அகன்ற சட்டி, விறகு, அடுப்படியில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்க ஓர் ஆள், பாகை ஊற்ற ஓலைக் குட்டான். மாதத்தில் ஒரு நாளுக்காக இவற்றைத் தனி ஒருவர் வாங்கி வைப்பது கட்டாது. பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சுமிடமும், ஆளுக்கொரு தொகுதி முட்டியும் இருந்தால் போயா நாள் உழைப்பு நிலத்தில் ஓடாது.

விழுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது" என்று ஊரில் பழமொழி உண்டு. எங்கள் தொழிலில் அந்த மாடு, வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு வரும் அரை வருடம். விழுவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான்: பனியிலும் மழையிலும் நனைந்த தண்டு, காலில் மாட்டி ஏறும் தளைநார் தேய்ந்திருப்பது, பச்சை என்று நம்பிப் பிடித்த காய்ந்த மட்டை, வட்டுக்குள் கண்ணில் படாத குளவிக்கூடு. அவசரமும் ஒன்று. கள்ளை அளந்து எடுக்கும் வாகனம் குறித்த நேரத்தில் போய்விடும் என்றால் ஈரம் காயும் வரை யார் காத்திருப்பார்? வாகனம் அரை மணி நேரம் பிந்தி வருவதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. காப்புறுதி என்றால் பருவத்துக்கு மட்டும் போதாது. காவோலை கழிக்கவும் ஓலை வெட்டவும் பருவம் இல்லாத மாதங்களிலும் ஏறுகிறோம்.

ஏறும் இயந்திரம் வந்தால் எல்லாம் சரி என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரம் ஆளை வட்டு வரை கொண்டுபோகலாம். வேலை தொடங்குவதே அங்கேதான். மட்டைகளுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு பாளையாகத் திரும்பி, ஒரு கையால் பிடித்து மறு கையால் சீவ வேண்டும். அதற்கு இயந்திரத்தை விட்டு இறங்கத்தான் வேண்டும். தென்னையில் தேங்காய் பறிப்பதோடு இதை ஒப்பிடக் கூடாது.

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானது. பனம்பொருட்களுக்குச் சந்தை, கண்காட்சி, பயிற்சி எல்லாம் பேசப்படுகின்றன, நல்லது. அந்த வரிசையில் எங்கள் கோரிக்கை சிறியது. அளவுப் புத்தகத்தில் லீற்றருக்குப் பக்கத்தில் அன்று ஏறிய மரங்களின் எண்ணிக்கைக்கும் ஒரு நிரல் போடுங்கள். பாளை பதப்படுத்தும் நாட்களுக்கும் போயா நாட்களுக்கும் அந்த நிரலைப் பார்த்து ஒரு குறைந்தபட்சக் கொடுப்பனவு தாருங்கள். அந்தப் பதிவு இருந்தால் வங்கியிலும் காப்புறுதியிலும் தொழிலை நிரூபிக்க ஒரு தாள் கையில் இருக்கும். படிவத்தில் 'கூலி' என்று எழுதும் பிள்ளைக்கும் வேறு சொல் கிடைக்கும்.

கருப்பணி முட்டி விடயத்தில் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் இணங்கினால் இப்போதே பேசத் தொடங்க வேண்டும். மண்முட்டிக்குச் சூளையில் மார்கழிக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் பாளை வரும்போது கையில் கிடைக்கும்.

இங்ஙனம்,
சீவல் தொழிலாளர் சிலர்,
வடமராட்சி.