‘தேவைக்கேற்ப மாறிக்கொள்ளும்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவி வெப்பமடைவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். கட்டுரையாளரின் உழைப்பு தெரிகிறது. ஆனால் கடைசிப் பத்தியில், “சூழல் மாறினால் உயிரினங்களும் தேவைக்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்ளும்; இயற்கைக்கு அந்த வித்தை தெரியும்” என்று ஒரு வரி இருக்கிறது. படித்த நாளிலிருந்து அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாணவர் மனத்திலிருந்து எந்த எண்ணத்தை அகற்றப் பணிக்காலம் முழுவதும் பாடுபட்டேனோ, அதையே தங்கள் இதழ் ஆறுதல் வார்த்தைபோல அச்சிட்டிருக்கிறது.

ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தின்றதால் கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிக்கும் வந்தது என்ற கருத்தை பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1809-இல் முன்வைத்தார். முன்பே இருக்கும் வேறுபாடுகளில் சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுகின்றன என்று விளக்கிய டார்வினின் நூல் 1859-இல் வெளியானது. லாமார்க்கின் கருத்து நிலைக்கவில்லை. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கு ஈடுகொடுப்பதை நான் மறுக்கவில்லை. தொட்டாற்சிணுங்கியை வைத்தே எத்தனையோ வகுப்புகள் நடத்தியிருக்கிறேன். தொட்டதும் இலைக்காம்பின் அடிப்புடைப்பிலுள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும். நீரும் கூடவே வெளியேறும். விறைப்புத் தளர்ந்து இலை மடங்கும். சிறிது நேரத்தில் பழையபடி விரியும். இருட்டில் முளைத்த நாற்று வெளிறி, மெலிந்து, ஒளியைத் தேடி நெடுநெடுவென்று வளரும். சமவெளியில் வாழ்பவர் உயர்ந்த மலையில் சில வாரம் தங்கினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். கீழே இறங்கினால் மெல்லப் பழைய அளவுக்கு வந்துவிடும். டாஃப்னியா என்ற மிகச் சிறிய நீருயிரி, தன்னைத் தின்னும் பூச்சியின் வாடை நீரில் கலந்திருந்தால் தலையில் கூர்முனை வளர்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் செடி வாடும், விலங்கு சாகும். மலையில் ஏறியவருக்குப் பெருகிய சிவப்பணுக்கள் அவர் பிள்ளைக்குப் பிறவியிலேயே வந்துவிடாது.

தலைமுறை தலைமுறையாக நிகழும் மாற்றம் வேறு. அதற்கு விலை உயிர். காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே குருவிகளுக்கு வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோயின. பெரிய, கடினமான விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்க முடியாத சிறிய அலகுக் குருவிகள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் மடிந்தன. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை பெரிய அலகு கொண்டவை. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு பெரிதாக இருந்தது. எந்தக் குருவியும் வறட்சியைக் கண்டு தன் அலகைப் பெரிதாக்கிக்கொள்ளவில்லை. முன்பே இருந்த வேறுபாட்டில் எது பிழைக்கும், எது சாகும் என்பதை வறட்சி முடிவு செய்தது. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் கொரோங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே தந்தமற்றவை இருந்தன. போருக்குப் பின் ஏறக்குறையப் பாதி. இதையும் ‘யானை தந்தத்தை விட்டுவிடக் கற்றுக்கொண்டது’ என்று எழுதுவீர்களோ என்று அஞ்சுகிறேன்.

இந்த அச்சம் காரணமில்லாமல் வரவில்லை. தங்கள் சிறுவர் பக்கத்தில் ஒட்டகம் திமிலில் நீரைச் சேமிப்பதாக வந்தது. திமிலில் இருப்பது கொழுப்பு. ஒட்டகத்தைக் காப்பது அதன் அடர்ந்த சிறுநீர், நிறைய நீரை ஒரேயடியாகக் குடித்தாலும் வெடிக்காத நீள்வட்டச் சிவப்பணுக்கள், பகலில் உடல்வெப்பத்தை 40 டிகிரிக்கு மேலும் ஏறவிட்டு வியர்வையை மிச்சப்படுத்தும் இயல்பு. இதை விளக்கி எழுதினேன். பதில் இல்லை. பிறகு, பச்சோந்தி எந்த நிறத்தின்மேல் உட்கார்ந்தாலும் அந்த நிறத்துக்கு மாறும் என்று ஒரு பெட்டிச் செய்தி. பச்சோந்தி பெரும்பாலும் எதிராளியை மிரட்டவும், துணையை ஈர்க்கவும், உடல்வெப்பத்தைச் சரிசெய்யவும்தான் நிறம் மாறுகிறது என்று மீண்டும் எழுதினேன். அந்தக் கடிதம் வெளியானது. ‘பச்சோந்தி பற்றிய தகவல் சிறப்பு’ என்ற ஒற்றை வரியாக, என் பெயரோடு. நான் மறுத்து எழுதியதை நானே பாராட்டியதாக ஆக்கிவிட்டீர்கள். அதைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லாதது இதழின்மேல் எனக்கிருந்த மரியாதையால்.

வகுப்பில் ஒரு மாணவி தங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, “டீச்சர், புத்தகத்திலேயே போட்டிருக்காங்களே” என்று கேட்டாள். அச்சில் வந்ததை ஓர் ஆசிரியை தனியாக நின்று மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒட்டகத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். சென்ற இதழின் வரியைப் பொறுக்க முடியாது. அது மனிதரின் பொறுப்பைக் கழற்றிவிடுகிறது. பாக்டீரியாவுக்குச் சில மணி நேரத்தில் பல தலைமுறைகள் கடந்துவிடும். பச்சை ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே பல பத்தாண்டுகள் ஆகும். அதன் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் ஏறக்குறைய 99 விழுக்காடு பெண் என்று 2018-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். அதே கடல்புறத்தில் பிராம்பிள் கே என்ற மணல்திட்டில் மட்டுமே வாழ்ந்த ஓர் எலியினம் இருந்தது. கடல்நீர் மீண்டும் மீண்டும் ஏறி, தின்ன இருந்த செடிகளை அழித்தது. 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அந்த இனம் அற்றுப்போனதாக அறிவித்தது. அந்த எலிக்கும் தேவை இருந்தது, ஆசிரியர் அவர்களே. நீந்திக் கடக்க முடியாத கடலும், மாறுவதற்குப் போதாத காலமும்தான் அதற்குக் கிடைத்தன.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அறிவியல் பக்கங்களை அச்சுக்கு அனுப்புமுன் உயிரியல் படித்த ஒருவர் கண்ணில் காட்டுங்கள். ஊதியம் இல்லாமல் படித்துத் தர நானே ஆயத்தமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் ஒட்டகத்தையும் பச்சோந்தியையும் எடுத்துவிடுங்கள். குருவிகளைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை