குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி தொடர்பான கடித நகல்கள் வாசல் மேஜையில் கோப்பாக இருக்கின்றன. வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி போக்குவரத்து நெரிசலைப் பற்றியது.

நம் கோவை லாலி ரோட்டில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா போட்டதுதான் வினை என்பது உறுப்பினர்களில் ஒரு சாரார் கட்சி. வண்டி பெருகிவிட்டது, இனி யார் வந்தாலும் ஒன்றும் நடக்காது என்பது மறு சாரார் கட்சி. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மருதமலை ரோட்டிலும் தடாகம் ரோட்டிலும் காலையில் எத்தனை வண்டி வருகிறது என்பது நம் கையில் இல்லைதான். ஆனால் ரவுண்டானா பெரும்பாலும் நுழைகிற இடத்தில் அடைபடுவதில்லை. வெளியேறியதும் வரும் முதல் முப்பது மீட்டரில்தான் அடைபடுகிறது. அங்கே நிற்பவர்களில் நாமும் இருக்கிறோம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு சாலைகள் சேரும் ரவுண்டானா, வண்டி சுற்றும் பாதையின் ஆரம் 15 மீட்டர் என்று வையுங்கள். முழுச் சுற்றளவு சுமார் 94 மீட்டர். ஒரு வெளிவழிக்கும் அடுத்த வெளிவழிக்கும் நடுவே அதில் கால் பங்கு, அதாவது 23 மீட்டர் சொச்சம். இடைவெளியோடு சேர்த்து ஒரு கார் 6 மீட்டர் பிடிக்கும். ஆக ஒரு வரிசையில் நான்கு கார், இரண்டு வரிசை என்றால் எட்டு. வெளியேறும் வாயில் ஒரு ஆட்டோ ஆள் ஏற்ற நின்றால், பின்னால் எட்டு கார் சேர அரை நிமிடம்கூட வேண்டாம். ஒன்பதாவது கார் முந்தைய வெளிவழியின் வாயை மறித்து நிற்கும். அந்தச் சாலைக்குத் திரும்ப வேண்டியவர், தன் வழி காலியாகக் கிடந்தாலும், அதை எட்ட முடியாது. அவர் பின்னால் சேரும் வரிசை அதற்கும் முந்தைய வெளிவழியை மறிக்கும். இப்படியே சுற்றி வந்து, வால் தலையைத் தொட்டுவிட்டால் போலீஸ்காரர் இறங்கி ஒவ்வொரு வண்டியாக உருவினால்தான் அவிழும்.

இங்கே இன்னொரு பழக்கமும் சேர்கிறது. நம் நாட்டில் ரவுண்டானாவைக் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறோம். நுழைபவருக்கு உள்ளே சுற்றுபவர் வலப்பக்கமிருந்து வருவார். வழி அவருக்குத்தான். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. நடப்பதோ தலைகீழ். நுழைபவர் ஹாரன் அடித்துக்கொண்டே மூக்கை நீட்டுகிறார், உள்ளே இருப்பவர் பிரேக் போட்டுப் பெரிய மனதோடு வழி விடுகிறார். வெளியே போக வேண்டிய வண்டி உள்ளேயே நிற்க, உள்ளே இன்னும் கூட்டம் சேர்கிறது. இந்தப் பெருந்தன்மை நெரிசலைத்தான் வளர்க்கிறது. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ரவுண்டானாக்கள் இதே காரணத்தால் இறுகி நின்றன. 1966 நவம்பரில் 'உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை' என்று நாடு முழுக்க விதி கொண்டுவந்த பிறகுதான் அந்த இறுக்கம் தளர்ந்தது. அதற்குச் சாலையை அகலப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது: நுழையும் கோட்டில் வேகம் குறைத்து வலப்பக்கம் பாருங்கள். இடைவெளி கிடைத்ததும் தயங்காமல் நுழையுங்கள். உள்ளே போனபின் நிற்காதீர்கள். வெளியேறும் வழிக்கு முன்பே இடது இண்டிகேட்டர் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த வாயில் காத்திருப்பவர் துணிந்து வண்டியை எடுப்பார். நேரே போகிறவர்கள் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது. பக்கவாட்டில் நிற்பவருக்கு அதில் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்து அவர் வந்துவிடுவார்.

வெளியேறியதும் வரும் முப்பது மீட்டருக்கு வருவோம். அதே ஒழுங்குமுறைகளின்படி சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. ஆனால் நம் ஊரில் முனைக்கு முனை பேக்கரி. டீ குடிக்க ஐந்து நிமிடம்தானே என்று டூ வீலரைக் குறுக்கே சாய்த்து நிறுத்தினால் சாலையில் இரண்டு மீட்டர் போய்விடும். அதனால் டவுன் பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுவிலேயே ஆள் இறக்கும். பஸ் டிரைவரைத் திட்டுகிறோம், பேக்கரி வாசலில் சாய்த்துவிட்டு வந்த நம் வண்டியை நினைப்பதில்லை.

சிக்னல் உள்ள இடங்களில் கதை வேறு. அங்கே காசு மாதிரி எண்ண வேண்டியது விநாடி. பச்சை 30 விநாடி. முதல் வண்டி கிளம்பும் தாமதம் 2 விநாடி. பிறகு இரண்டு விநாடிக்கு ஒரு கார் என்றால் ஒரு வரிசையில் 14 கார் போகும். முன்னால் நிற்பவர் போனைப் பார்த்துக்கொண்டு 4 விநாடி தாமதித்தால் இரண்டு கார் நின்றுவிடும். ஒரு சுற்று இரண்டு நிமிடம், மணிக்கு 30 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஒருவர் இருந்தால் மணிக்கு 60 கார் போக முடியாமல் தேங்கும். வரிசையாக நிறுத்தினால் 360 மீட்டர்.

முன்வண்டியை ஒட்டி ஓட்டுவதால் என்ன ஆகும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். தடை ஏதும் கிடையாது. சிறிது நேரத்தில் எங்கோ ஒருவர் வேகம் குறைக்க, அடுத்தவர் அதைவிட அதிகம் குறைக்க, கடைசியில் சில கார்கள் முழுசாக நின்றேவிட்டன. அந்தத் தேக்கம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. இடைவெளி விட்டால் டூ வீலர் நுழைந்துவிடுமே என்பீர்கள். நுழையட்டும். அது பிடிப்பது இரண்டு மீட்டர், நீங்கள் திடீர் பிரேக் போட்டால் போவது அதைவிட அதிகம்.

பள்ளி நேரம் பற்றிச் சுருக்கமாக. ஏழு மீட்டர் தெருவில் ஓரமாக நிற்கும் கார், கதவு திறக்கும் இடத்தோடு, இரண்டரை மீட்டர் எடுக்கும். இரு பக்கமும் நின்றால் மிச்சம் இரண்டு மீட்டர். அதில் கார் எதிரெதிரே போக முடியாது, பள்ளிப் பேருந்து நுழையவே முடியாது. ரயில்வே கேட்டிலும் இதேதான்: கேட் மூடியதும் எதிர்ப்பக்கப் பாதியையும் நிரப்பி நிற்கிறோம். கேட் திறந்ததும் இரு படையும் நேருக்கு நேர்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவின்படி அபராதம் 10,000 ரூபாய். வழிவிட்டபின் அதன் பின்னாலேயே ஒட்டிப் போவதும் அழகல்ல.

பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்கள் வைக்கப்படுகின்றன. பிள்ளைகளை உறுப்பினர்கள் பள்ளி வாசலுக்கு 100 மீட்டர் முன்பே இறக்கி நடக்கவிடுவது. ரவுண்டானாவின் வெளிவழிகளில் 50 மீட்டருக்கு நிறுத்தத் தடைக் கோடு போட மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனு கொடுப்பது. அந்த 50 மீட்டருக்குள் நிற்கும் உறுப்பினர் வண்டியின் படத்தைச் சங்க வாட்ஸ்அப் குழுவில், நம்பர் பிளேட்டை மறைத்து, போடுவது. மூன்றாவதற்கு நிர்வாகக் குழுவிலேயே எதிர்ப்பு இருந்தது. ஆகவே அதைத் தனியாக வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்