வட்டார மர வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சத்தியமங்கலம் மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஆடியில் மரக்கன்றுகள் வழங்கப்பட்டன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்கு ஒரு நாள் பயணம் சென்று வந்தோம். குடியரசு நாளில் தலைவர் கொடியேற்றினார்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி மர அளவைப் பதிவேடு. இந்த வேலை எதற்கு என்று சென்ற பொதுக்குழுவிலும் அதன் பிறகு வெளியிலும் கேட்கப்பட்டதால், சற்று விரிவாகவே விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தோப்பு ஓராண்டில் எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் வெட்டக் கூடாது என்பதே காட்டை அழியாமல் காக்கும் மரவளர்ப்பின் அடிப்படை விதி. எவ்வளவு வளர்ந்தது என்பதே தெரியாதவர் அந்த விதியை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? ஆகவேதான் தை மாதத்தில் தோப்பு தோப்பாகச் சென்று, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், நாடாவைச் சுற்றி அளவெடுத்து, அந்த இடத்தில் மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டு வருகிறோம். சரிவான நிலமாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்துதான் உயரம் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டும் நாடா அதே கோட்டின் மேல் விழுந்தால்தான் வளர்ச்சிக் கணக்கு சரியாக வரும்.

இதில் வருமானமும் அடங்கியிருக்கிறது. கன அடி கணக்கிடும்போது மரத்தின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குகிறார்கள். இந்த முறையில் உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் 78.5 விழுக்காடுதான் கணக்கில் வருகிறது. அறுப்பில் போகும் கழிவு அந்தக் கணக்கிலேயே கழிக்கப்பட்டாயிற்று. இது தெரியாமல், பட்டைக்கும் கோணலுக்கும் என்று வியாபாரி மேலும் பிடித்தம் செய்யும்போது நம்மவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். அதைவிட மோசம், நிற்கும் தோப்பைக் குத்துமதிப்பாக மொத்த விலை பேசி, பருக்க வேண்டிய மரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. அப்படி ஒரு முறை ஏமாந்தவர் மறுபடியும் மரம் நடுவதில்லை.

அவர் நடாவிட்டால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். காட்டுக்குத்தான் நட்டம். நிலைக்கும் கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் வேண்டும் என்ற தேவை குறையப் போவதில்லை. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து எடுக்காமல் விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும் என்றது. நீலகிரி மாவட்டக் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாமல் காட்டு மரங்களை வெட்டக் கூடாதென்று நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. நம் மலை 2013இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. மியான்மரும் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இத்தனை கதவுகள் அடைபட்ட பிறகும் பட்டா நிலத்தில் மரம் இல்லையென்றால், தேவை எங்காவது ஒரு காட்டுக்குள் கோடரியை அனுப்பத்தான் செய்யும்.

ஆனால், ஒரே வகை மரத்தை ஏக்கர் கணக்கில் நட்டு ஒரே வாரத்தில் மொட்டையடிப்பதை நான் காடு காக்கும் வேலையாக ஏற்கமாட்டேன். மலைவேம்பும் சவுக்கும் கைச்செலவுக்கு உதவட்டும்; அவற்றுக்கு நடுவே வேங்கை, நீர்மருது, நாவல், இலுப்பை, மஞ்சக்கடம்பு ஆகியவையும் நிற்க வேண்டும். பருத்த மரங்களை மட்டும் தேர்ந்து வெட்ட வேண்டும். ஓடைக்கரை மரத்தையும் பொந்து மரத்தையும் தொடக் கூடாது என்று சென்ற ஆண்டே தீர்மானம் போட்டோம். மாயாற்றுப் பக்கம் வாழும் இருவாச்சி தானாகப் பொந்து குடையும் பறவை அன்று. ஏற்கெனவே பொந்து விழுந்த பெரிய மரத்தைத் தேடி, பெட்டை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை சிறு துளை வழியாகப் பழம் ஊட்டுகிறது. உளுத்த மருத மரம் நமக்கு விறகு விலைதான் பெறும். இருவாச்சிக்கு அதற்கு மாற்றே கிடையாது. இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய உறுப்பினர் ஒருவர், ஓடைக்கரை மரங்களையும் சேர்த்து இவ்வாண்டு விற்றுவிட்டார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

கன்று வழங்கிய நாளில் வரிசை தெருமுனை வரை நின்றது. அளவை நாட்களில், தோப்புக்காரரே வராமல், காவலுக்கு இருந்த முதியவர் ஒருவர் அளவைச் சொல்ல நான் எழுதிய தோப்புகளும் உண்டு. கூட்ட அறிவிப்பு கைப்பேசியில் சென்று, பார்க்கப்பட்டும் விட்டது என்று தெரிகிறது. ஆள் மட்டும் வருவதில்லை. சந்தாவும் இதே நிலைதான். மூன்றாண்டு நிலுவை வைத்திருப்பவர்கள் வசதியற்றவர்கள் அல்லர்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக முடிந்தன. கையிருப்பு சிறிதளவே உள்ளது. நாற்றுப்பைக்கும் வண்ணத்துக்கும் வண்டி வாடகைக்கும் போனது போக வேறு பெரிய செலவில்லை. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு பொருளாளரிடம் பார்வைக்கு இருக்கிறது.

கூட்டத்துக்கு இடம் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், கன்றுகள் கிடைக்க உதவிய வனத்துறை அலுவலர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு குறித்து வெளிப்படையாகவே சொல்கிறேன். காட்டைக் கெடுக்காமல் வளர்த்து வெட்டிய மரத்துக்குச் சான்று தரும் பன்னாட்டு அமைப்பு எஃப்.எஸ்.சி. 1993இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் சான்றைச் சிறு விவசாயிகள் குழுவாகவும் பெறலாம். எந்தத் தோப்பில் என்ன நிற்கிறது, எது வெட்டப்பட்டது, எது விடப்பட்டது என்ற கணக்கைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள். நம் பதிவேடு அந்தக் கணக்கின் தொடக்கம். செயலாளர் பொறுப்பில் யார் அமர வேண்டும் என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும், வரும் தையில் இரண்டாம் சுற்று அளவை நடக்க வேண்டும். ஊருக்கு இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுத்தால் போதும், நாடா பிடிக்கும் முறையை நானே கற்றுத் தருகிறேன். நிலுவைச் சந்தாவை ஆடிக் கன்று வழங்கலுக்கு முன் செலுத்தியவர்களுக்கும், தோப்பை அளக்க உடனிருந்தவர்களுக்கும் கன்றுகளில் முன்னுரிமை அளிக்கச் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பொதுக்குழு அதற்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்