மீனுவின் பள்ளியைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். பெரியப்பாவின் கண் அறுவை சிகிச்சை, மாடி வாடகை விஷயம் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம். தொலைபேசியில் சொல்ல முடியாத ஒன்றுக்காகவே இதை எழுதுகிறேன். நான் வாயைத் திறந்தாலே, "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று நீ முடித்துவிடுகிறாய். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது கேட்டாலோ அவளைக் குறை சொன்னது போல் ஆகிவிடும்.

அங்கே ஜப்பானில் மீனுவுக்குப் பள்ளிக்குள் போடும் வெள்ளைக் காலணி அளவாக இருக்கிறதா? வைகாசியிலேயே கட்டைவிரல் முட்டுகிறது என்றாள். வாசலில் தெருச்செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு நாள் முழுவதும் அந்தக் காலணியோடுதான் இருக்க வேண்டும் என்பதால், அது கடித்தால் குழந்தைக்குப் பாடத்தில் எப்படி மனம் செல்லும்? மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? பள்ளியிலிருந்து மாதாமாதம் வரும் உணவுப் பட்டியலில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வரும் நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த நாட்களில் மட்டும் மருமகள் வீட்டிலிருந்து டப்பா கட்டிக் கொடுத்ததை அங்கே வந்திருந்தபோது பார்த்தேன். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. பள்ளியில் காதணி கூடாது என்று கழற்றியதில் எனக்கு வருத்தமில்லை; சனி ஞாயிறிலாவது போட்டுவிடச் சொல், இல்லாவிட்டால் காது தூர்ந்துவிடும்.

நான் ஏன் காலணியையும் காதையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை இங்கே காலை ஏழு மணிக்கு அழைத்தபோது அங்கே பத்தரை மணி. உன் தோளுக்குப் பின்னால் மீனு இரவு உடையோடு, தலைகூடச் சீவாமல், சுவர் ஓரமாக நடந்து போனாள். என்னைப் பார்த்ததும் விலகிவிட்டாள். விடுமுறையா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வாரமும் அவள் குரல் கேட்டது. அவள் பள்ளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது?

ஆடியில் இங்கே வந்திருந்தபோது, பின்னிவிடும் நேரத்தில் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இத்தனை வாரம் அதைக் காப்பாற்றினேன், இனி முடியாது. வகுப்பில் தினம் ஒரு பிள்ளை முறை வைத்துப் பொறுப்பேற்று, முன்னால் நின்று வணக்கம் சொல்லி, காலைக் கூட்டத்தை நடத்தி, சிறிது பேசவும் வேண்டுமாம். அவள் முறை வந்த அன்று அவள் உச்சரிப்பை இரண்டு பையன்கள் அப்படியே திருப்பிச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்களாம். அடுத்த முறை எந்த நாளில் வரும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். நம் வீட்டில் விருந்தினர் வந்தால் கேட்காமலே திருக்குறள் ஒப்பிக்கிற பிள்ளை அவள்.

அங்கே போய் அவள் செய்ததைச் சாதாரணமாக எண்ணிவிடாதே. இரண்டாம் வகுப்பில் ஏப்ரலில் சேர்ந்தவள், முதல் வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்திருந்த சீனத்திலிருந்து வந்த 80 காஞ்சி எழுத்துகளையும் வீட்டிலேயே பிடித்து, அந்த வருடத்துக்கான 160 எழுத்துகளையும் சேர்த்து எழுதினாள். பெற்றோர் பார்வையிடும் நாளில் நானும் மருமகளும் வகுப்பின் பின்சுவரை ஒட்டி நின்றிருந்தோம். பிள்ளைகள் வெள்ளை மேலாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறுவதையும், மண்டியிட்டு ஈரத்துணியால் தரையைத் தள்ளித் துடைத்துக்கொண்டு ஓடுவதையும் மீனு முன்பே விவரித்திருந்தாள். அன்று அவள் கையை நேராகத் தூக்கிப் பதில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆனால் மூன்றாம் வகுப்பு வேறு மாதிரி. அறிவியலும் சமூகப் பாடமும் அங்கே மூன்றாம் வகுப்பில்தான் தனித்தனிப் பாடங்களாகத் தொடங்குகின்றன. இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 200 காஞ்சி. விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசுகிற பிள்ளையும் பாடப்புத்தகத்தின் மொழியில் தடுக்கி விழும். நீ அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அவளுக்கு ஜப்பானியம் வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்றாய். வந்தது பேச்சு மொழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியப் பள்ளி பக்கத்திலேயே இருக்க, இங்கேயே வாழப்போகிறோம், ஊர்ப்பிள்ளைகளோடு படிக்கட்டும் என்று நீ எடுத்த முடிவு நல்ல முடிவு. முடிவெடுத்தவன் அடுத்த வேலையையும் செய்ய வேண்டும் அல்லவா?

அப்பாவும் நானும் தேடிப் படித்தோம். ஆண்டில் 30 நாள் அல்லது அதற்கு மேல் பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். நோய், வறுமை காரணமாக வராதவர்கள் அதில் சேரமாட்டார்கள். 2023 கல்வியாண்டில் அப்படி 3,46,000 பேருக்கு மேல். அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் நேர்வதுதான் இது, ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்பறைக்கு வர முடியாத பிள்ளை பள்ளியின் மருத்துவ அறைக்கு வந்து உட்கார்ந்தாலும் அதை வருகையாக ஏற்பதுதான் பெரும்பாலும் வழக்கமாம். வராததற்காக ஒரு வகுப்பில் நிறுத்தி வைப்பதும் நடைமுறையில் இல்லை. பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஓய்வு தேவைப்படலாம் என்று 2016இல் வந்த சட்டமே சொல்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கட்டாயக் கல்விச் சட்டம் ஜப்பானியக் குடிமக்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டுப் பிள்ளை கேட்டால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். நின்றுவிட்டால் பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஏறத்தாழ 19,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் இருக்கக்கூடும் என்று 2019இல் அரசே கணக்குக் காட்டியது. பள்ளி மரியாதையாக விட்டுவிடும், நீயும் மரியாதையாகச் சும்மா இருப்பாய், குழந்தை நடுவில் காணாமல் போவாள். அதனால்தான் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டிருக்காதே.

ஆறாம் வகுப்பில் மதுரைக்கு வந்து ஆங்கில வழியில் சேர்ந்தபோது நீயும் இப்படித்தான் இருந்தாய். அரையாண்டுத் தேர்வு வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கணக்கு ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகளிடம் அந்தச் சுபாவத்தைப் பார்த்தால் கோபப்படாதே.

தினமும் பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வருகிற தொடர்பு நோட்டில் மருமகள் கையெழுத்து மட்டும் போடுவதோடு நிறுத்தாமல், நடந்ததை நீயே ஜப்பானிய மொழியில் எழுது. அலுவலகத்தில் அத்தனை அறிக்கை எழுதுகிறவனுக்கு இது முடியாதா? வகுப்பு ஆசிரியையிடம் நேரம் கேட்டு நேரில் போ. அவளுக்குத் தனி ஜப்பானிய வகுப்பு கிடைக்குமா என்று கேள். அதை வழக்கமான பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே நடத்த 2014 முதல் இடம் உண்டு. பள்ளியில் ஆலோசகர் எந்த நாளில் வருவார் என்று விசாரி. அதுவரை அவளை அதட்டாதே. இந்தியாவுக்கு அனுப்பிவிடுவேன் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே. பாட்டி வீடு அவளுக்குத் தண்டனையாகிவிடக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், அதட்டாதே.

மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. வேற்றூரில் தனியாக அத்தனையும் சமாளிக்கிறவள் அவள், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மீனுவிடம், அவள் சொன்னதைப் பாட்டி சொல்லிவிட்டாள் என்று நீயே சொல். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.

ஜனவரியில் குளிர்கால விடுமுறை முடிந்து மூன்றாம் பருவம் தொடங்கும்போது அங்கே இருக்க விரும்புகிறேன். விடுமுறைக்கு வருவதில் பயனில்லை. பள்ளி நடக்கிற காலை நேரங்களில் அவளோடு வாசல்வரை நடந்துபோக ஒருவர் வேண்டும். விசாவுக்கு உன் அழைப்புக் கடிதமும் வருமானச் சான்றும் தேவை என்று சென்னையில் சொன்னார்கள். இந்த வாரமே அனுப்பு. பயணச்சீட்டை அப்பா பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா