ஹூஸ்டனிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அத்தைக்கு மூட்டுவலி தணிந்ததா?

"கிரீன் கார்டுதான் வந்துவிட்டதே, ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள், திருடன் பயப்படுவான்" என்று எழுதியிருந்தீர்கள். கரும்புத் தோட்டத்துக்காக நீங்கள் வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியின் உரிமத்தைப் புதுப்பிக்க மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததும், தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியதும் எனக்கு நினைவிருக்கிறது. (காட்டுப்பன்றிகூட அதற்குப் பயந்ததில்லை என்பது அத்தையின் கட்சி.) டெக்சாஸில் அந்த அலைச்சலே கிடையாது. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடலாம்.

யாரிடம் இருக்கிறதென்று தெரியாததால் திருடன் தயங்குவான் என்றுதான் இங்கும் வாதிடுகிறார்கள். 1997இல் ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் அப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2004இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அதைப் பரிசீலித்து, குற்றம் குறைந்தது என்றும் சொல்ல முடியாது, கூடியது என்றும் சொல்ல முடியாது என்று கைவிரித்தது. 2019இல் ஜான் டொனஹியூ என்ற ஆய்வாளரின் குழுவினர் போட்ட கணக்கு லாட்டுக்கு நேர் எதிர்: துப்பாக்கியோடு வெளியே நடமாடும் விதியைத் தளர்த்திய சட்டம் வந்த மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்குற்றம், சட்டம் வராதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம். லாட் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் டொனஹியூ பக்கம்.

கார் நிறுத்துமிடங்களைப் பார்த்தபின் வந்த எண்ணம் இது. பல கடைகளின், மருத்துவமனைகளின் வாசலில் துப்பாக்கி கூடாதென்று பலகை இருக்கிறது. சட்டத்தை மதிக்கிறவர் துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போகிறார். திருடனுக்கு இது தெரியாதா? கண்ணாடியை உடைத்தால் பணத்தைவிட நல்ல சரக்கு. என்னோடு வேலை செய்கிறவர் தற்காப்புக்கென்று வாங்கியது அப்படித்தான் போயிற்று. அது இப்போது யார் கையில், யாரை நோக்கி இருக்கிறதோ! எதிராளியிடமும் இருக்கலாம் என்று தெரிந்தால் திருடன் தொழிலை விடுவதில்லை. தானும் ஒன்றோடு வருகிறான். போலீஸ்காரருக்கும் இதே சந்தேகம்தான்: அவர் காரை நிறுத்தினால் இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கு வந்தவுடன் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

இன்னொன்று, மாமா. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. உங்கள் பேரனுக்குப் பதினான்கு வயது. மதிப்பெண் குறைந்தாலும் அறைக்கதவை அறைந்து சாத்துகிறான். திருடன் என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். இவன் தினமும் வீட்டில் இருக்கிறான். ஆகவே வாங்கப்போவதில்லை. வாசலுக்கு நல்ல விளக்கும் பின்கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டாயிற்று.

மாசி மகத்துக்கு வரப் பார்க்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தெரிவிக்கிறேன்.

உங்கள் மருமகன்